புரோகிராம் ரெடி... விற்கிறது யாரு?

சொல்ல வந்ததை முதல்லயே சொல்லிடறேன். அடிக்க வர்றவங்க அப்புறம் வரிசையில வாங்க :-)

நம்ம வீட்டுப் பிள்ளைங்க வேலையை விட்டுட்டு ஆரம்பிக்கிற சாஃப்ட்வேர் கம்பெனிகள்ல, நான் பார்த்தவரைக்கும், புரோகிராம் சரியில்லாம படுத்தது ரொம்பக் குறைச்சல். விற்கக் கூச்சப்பட்டுப் படுத்ததுதான் அதிகம். அந்தக் கூச்சத்தைக் காலேஜ்ல சொல்லிக் கொடுக்கலை. நம்ம வீடுகள்லதான் சொல்லிக் கொடுக்கறாங்க.

நான் தென்காசிப் பக்கத்து ஆளு. இருபது வருஷத்துக்கு மேல பெங்களூர்ல பொட்டி தட்டுற பொழப்பு. குடியிருக்கிறது ஒக்கலிபுரம். மெஜஸ்டிக்கும் சிட்டி ரயில்வே ஸ்டேஷனும் நடந்து போற தூரம்தான். இந்தப் பக்கமும் ஸ்ரீராம்புரம் பக்கமும் தமிழ்க் குடும்பங்கள் நிறைய. அப்பா கட்டட வேலைக்கு வந்தவரா இருப்பார், பிள்ளை இன்ஜினியர். அப்படி ஒரு வீட்ல பிள்ளை ஒருநாள் வந்து, "வேலையை விடறேன், சொந்தமா வெப்ல ஒரு சாஃப்ட்வேர் பண்ணப் போறேன்"னு சொன்னா என்ன ஆகும்? அம்மா அழுவாங்க. அப்பா வீட்டு லோனைக் கணக்குப் போடுவார். "இனிமே பொண்ணு யாரு குடுப்பா?"ன்னு சித்தப்பா கேட்பார். எல்லாமே நியாயமான பயம்தான், நான் கிண்டல் பண்ணலை. ஆனா எல்லாரும் கேட்கிறது "சம்பளம் எப்ப வரும்?"னு. கேட்க வேண்டிய கேள்வி வேற. "யாருக்குடா விற்கப் போற? அவங்களைப் போய்ப் பார்த்தியா?"

இதே ஊர்ல நடந்த ஒரு கதையைச் சொல்றேன். 2005 தீபாவளி. டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ்ல வேலை பார்த்த ஃபணீந்திர சாமாவுக்கு ஹைதராபாத் போக பஸ் டிக்கெட் கிடைக்கலை. நமக்குத் தெரியாத கஷ்டமா இது? அந்தக் காலத்துல ஆம்னி பஸ் டிக்கெட் எப்படி வாங்குவோம்னு ஞாபகம் இருக்கா? ஏஜெண்ட் கடைக்குப் போகணும். அவர் பஸ் ஓனர் ஆபீசுக்குப் போன் போடுவார். அங்க ஒருத்தர் சார்ட்டைப் பார்த்து ஒரு கட்டத்தைப் பேனாவால அடிப்பார். இவர்கிட்ட சீட் இல்லைன்னா அடுத்த ஏஜெண்ட் கடை. எந்த பஸ்ல எத்தனை சீட் காலின்னு மொத்தமா யாருக்கும் தெரியாது. திரும்பி வர்ற டிக்கெட்டா? அது ஊர்ல போய் அலைஞ்சு வாங்கறது.

சாமாவும், பிலானி பிட்ஸ் நண்பர்கள் சுதாகர் பசுபுனூரி, சரண் பத்மராஜூவும் சேர்ந்து இதுக்கு ஒரு சாஃப்ட்வேர் எழுதினாங்க. எலெக்ட்ரானிக்ஸ் ஆளுங்க, வெப் புரோகிராமிங்கைப் புத்தகம் பார்த்துத்தான் கத்துக்கிட்டாங்க. அதை பஸ் ஓனர்களுக்குக் கொடுக்கிறதுதான் முதல் திட்டம். ஓனர்கள் வேண்டாம்னுட்டாங்க. சார்ட்டும் பேனாவும் நல்லாத்தானே ஓடுது, எதுக்குக் கம்ப்யூட்டர்?

நம்ம பசங்களா இருந்தா என்ன பண்ணியிருப்பாங்க? ரூமுக்குத் திரும்பிப் போய் இன்னும் நாலு வசதி சேர்க்க உட்கார்ந்திருப்பாங்க. இவங்க அதைச் செய்யலை. "சாஃப்ட்வேர் வேண்டாமா, சரி. கொஞ்சம் சீட் கொடுங்க, நாங்க விற்றுத் தர்றோம்"னு தாங்களே ஏஜெண்டா மாறிட்டாங்க. 2006 ஆகஸ்ட்ல ரெட்பஸ் அப்படித்தான் ஆரம்பிச்சது. ஐடி கம்பெனிப் பக்கம் நின்னு கையில நோட்டீஸ் கொடுத்தாங்க. நேத்துவரைக்கும் அதே மாதிரி கம்பெனியில அடையாள அட்டை மாட்டிக்கிட்டு உள்ள போனவங்க, இப்ப வெளிய நின்னு நோட்டீஸ் நீட்டறாங்க. 2007ல சீட்ஃபண்ட் முதலீடு வந்தது. சீட்டை நிரப்பிக் காட்டின பிறகு, சாஃப்ட்வேரே வேண்டாம்னு சொன்ன ஓனர்கள் வட்டாரத்துக்கே பஸ் சீட்டை நிர்வகிக்கிற சாஃப்ட்வேரையும் கொடுத்தாங்க. 2013ல இபிபோ குழுமம் பல நூறு கோடிக்கு ரெட்பஸ்ஸை வாங்கிச்சு. இப்ப அது மேக்மைட்ரிப் கையில இருக்கு.

ஓனர் கம்ப்யூட்டரை நம்பலை, நிரம்பின சீட்டைத்தான் நம்பினார். எனக்கு இந்தக் கதையில பிடிச்ச இடமே இதுதான்.

"அது 2006. இப்ப எல்லாமே ஆன்லைன், உட்கார்ந்த இடத்துலயே விற்கலாம்"னு சொல்வீங்க. சரி, சென்னைக்குப் போவோம். கிரிஷ் மாத்ருபூதமும் ஷான் கிருஷ்ணசாமியும் 2010ல ஃப்ரெஷ்டெஸ்க் ஆரம்பிச்சாங்க. வாடிக்கையாளர் புகார்களைக் கையாளுற வெப் சாஃப்ட்வேர். அந்த வருஷம்தான் இதே தொழில்ல இருந்த ஜென்டெஸ்க் விலையை ஏத்தி, வாங்கினவங்க கொதிச்சுக் கிடந்தாங்க. சந்தையில எங்க வலிக்குதுன்னு பார்த்துட்டு இறங்கினவங்க இவங்க. 2011ல வந்த முதல் வாடிக்கையாளர் ஆஸ்திரேலியாவில ஒரு பள்ளி, ஆட்வெல் காலேஜ். அதே வருஷம் ஜென்டெஸ்க் தலைவரே ட்விட்டர்ல இவங்களைக் காப்பின்னு திட்டினார். கிரிஷ் என்ன பண்ணினார் தெரியுமா? அதுக்குன்னே ஒரு தளம் போட்டு, ரெண்டு பக்கத்து வாதத்தையும் வெச்சு, "காப்பியா இல்லையா, நீங்களே சொல்லுங்க"ன்னு உலகத்துகிட்ட விட்டுட்டார். திட்டு விளம்பரமா மாறிடுச்சு. காசு கொடுத்தாலும் அப்படி விளம்பரம் கிடைக்காது.

கதவைத் தட்டினாலும் சரி, தளம் போட்டாலும் சரி, முன்னால வந்து நின்னு பேசினது கம்பெனி ஆரம்பிச்ச ஆளுதான். 2021 செப்டம்பர் 22 அன்னிக்கு அந்தக் கம்பெனி ஃப்ரெஷ்வொர்க்ஸ்ங்கிற பேர்ல நாஸ்டாக்ல ஏறினப்ப, ஊழியர்கள் 500 பேருக்கு மேல கோடீஸ்வரங்க ஆனாங்கன்னு கிரிஷ் சொன்னார். நம்ம வாட்ஸ்அப் குரூப்ல அந்தச் செய்தி எத்தனை தடவை சுத்துச்சு! 2011ல பட்ட பாடு ஒரு தடவைகூடச் சுத்தலை.

எங்க தென்காசிக்குப் பக்கத்து மத்தளம்பாறை வரைக்கும் வந்த ஜோஹோவும் இதேதான். 1996ல அட்வென்ட்நெட்டா ஆரம்பிச்ச கம்பெனி. ஸ்ரீதர் வேம்பு பிரின்ஸ்டன்ல டாக்டர் பட்டம் வாங்கினவர், குவால்காம்ல இருந்தவர். ஆரம்ப நாள்ல அவர் அமெரிக்காவில கம்பெனிக்காகப் பார்த்தது விற்பனை வேலை. டாக்டர் பட்டம் வாங்கினவருக்கு இல்லாத கூச்சம் நம்ம பையனுக்கு எங்கருந்து வந்துச்சு?

என் அக்கா மகன் ஒருத்தன் ராஜாஜிநகர்ல நண்பனோட ரூம் எடுத்துத் தங்கியிருக்கான். டியூஷன் சென்டருக்கு ஃபீஸ் கணக்குப் பார்க்கிற வெப் சாஃப்ட்வேர் எழுதினான். எட்டு மாசம். லோகோவை மட்டும் மூணு தடவை மாத்தினான். இன்ஸ்டாகிராம் விளம்பரத்துக்குப் பத்தாயிரம் ரூபாய் போட்டான். லைக் வந்துச்சு, டியூஷன் சென்டர் வரலை.

"உன் தெருவுலயே மூணு டியூஷன் சென்டர் இருக்கே, போய்ப் பார்த்தியாடா?"ன்னு கேட்டேன்.

"அதெப்படி மாமா, கதவைத் தட்டி... சேல்ஸ்மேன் மாதிரி..."

அந்த "மாதிரி"யிலதான் எல்லாம் இருக்கு. "ஒழுங்காப் படிக்கலைன்னா வீடு வீடா சோப்பு விற்கப் போகணும்"னு சொல்லி வளர்த்த பிள்ளை, எப்படிப் போய்க் கதவைத் தட்டும்? வாசல்ல பையோட நின்னவனை "வேண்டாம் போப்பா"ன்னு நாம விரட்டினதைப் பார்த்து வளர்ந்த பிள்ளை அது.

எப்படியோ போனான். முதல் சென்டர் டீச்சர் பத்தே நிமிஷத்துல சொல்லிட்டாங்களாம்: "ஃபீஸ் கணக்கு என் நோட்டுல இருக்குப்பா. பிள்ளை வந்து சேர்ந்துச்சான்னு ஒவ்வொரு அம்மாவும் போன் பண்றாங்க பாரு, அதுக்கு ஏதாவது வழி பண்ணு." எட்டு மாசம் ரூம்ல உட்கார்ந்தும் அவனுக்குத் தெரியாத விஷயம் இது. பிள்ளை வந்ததும் அம்மாவுக்குச் செய்தி போற மாதிரி ரெண்டு வாரத்துல மாத்தினான். இப்ப ரெண்டு சென்டர் மாசம் 500 ரூபாய் கொடுக்கறாங்க. ரூம் வாடகைக்குக்கூடப் பத்தாது. நாளைக்கு நிலைக்குமான்னும் தெரியாது. ஆனா அது உண்மையான 500 ரூபாய், லைக் இல்லை. விற்கிறதுன்னா தலையில கட்டறது இல்லை, எதிர்ல இருக்கிறவருக்கு என்ன வேணும்னு காது கொடுத்துக் கேட்கிறதுன்னு அவனுக்குப் புரிஞ்சிருக்கு.

இன்னொண்ணு, அந்த டீச்சர்கிட்ட அவன் கன்னடத்துலதான் பேசினான். உடைஞ்ச கன்னடம்தான். இந்த ஊர்க் கடைக்காரருக்கு விற்கணும்னா இங்கிலீஷ் பிரசன்டேஷன் எடுபடாது. எங்க தெருவுல கீரை விற்கிற தமிழ் அக்கா தமிழ், கன்னடம், தெலுங்கு மூணுலயும் விலை சொல்லுவாங்க. எந்த வீட்ல எந்தக் கீரை, எந்தக் கிழமை எடுக்கும்னு மனப்பாடம். எம்பிஏ படிச்சவங்க இதுக்கு என்னென்னவோ பேர் வெச்சிருக்காங்க. அந்த அக்கா அதைத் தொழில்னு சொல்லுவாங்க.

"நல்ல சரக்கு தானா விற்கும்"னு சொல்றவங்களுக்கு ஒரே பதில்தான். இருக்கிறதே தெரியாத சரக்கை யார் வாங்குவா? அதேசமயம், அலைஞ்சா எல்லாரும் ஜெயிச்சுடுவாங்கன்னு நான் சொல்லலை. தோத்தவங்கதான் அதிகம், அவங்க கதை நம்ம காதுக்கு வர்றதில்லை. ஆனா அலைஞ்சு தோத்தவனுக்கு ஆறு மாசத்துல தெரிஞ்சுடும், வேற வேலை பார்ப்பான். ரூமுக்குள்ள இருக்கிறவன் மூணு வருஷம் கழிச்சுத்தான் தெரிஞ்சுக்குவான். அதுக்குள்ள அப்பாவோட சேமிப்பு கரைஞ்சிருக்கும். வீட்டு லோன் கட்டற குடும்பத்துக்கு இந்த வித்தியாசம் சின்ன விஷயம் இல்லை.

அதனால பெத்தவங்களே, சித்தப்பாக்களே, அத்தைமார்களே... பிள்ளை கம்பெனி ஆரம்பிச்சா மூணு விஷயம் செய்யுங்க.

ஒண்ணு, எத்தனை மாசம் சம்பளம் இல்லாம வீடு தாங்கும்னு உட்கார்ந்து பேசி, தேதி குறிச்சுடுங்க. ரெண்டு, மாசாமாசம் "என்ன முடிச்ச?"ன்னு கேட்காதீங்க. "இந்த மாசம் எத்தனை பேரைப் போய்ப் பார்த்த? என்ன சொன்னாங்க?"ன்னு கேளுங்க. மூணாவதுதான் முக்கியம். உங்க கடைக்கோ, சீட்டுக் கணக்குக்கோ அவன் சாஃப்ட்வேர் உபயோகப்படும்னா காசு கொடுத்து வாங்குங்க. "நம்ம பையன்தானே, சும்மா போட்டுக் கொடுடா"ன்னு கேட்காதீங்க. பிடிக்கலைன்னா ஏன் பிடிக்கலைன்னு மூஞ்சிக்கு நேரா சொல்லுங்க. சும்மா கொடுத்ததைப் பத்தி யாரும் உண்மையைச் சொல்ல மாட்டாங்க. காசு கொடுத்தவங்கதான் சண்டை போடுவாங்க. அந்தச் சண்டைதான் அவனுக்கு வேணும்.

நாளைக்கே உங்க சொந்தத்துல ஒரு பையனோ பொண்ணோ லேப்டாப்பைத் திறந்து "பாருங்க மாமா"ன்னு காட்டினா, "சூப்பர்"னு சொல்லிட்டுக் காபி குடிக்கப் போயிடாதீங்க. "என்ன விலை?"ன்னு கேளுங்க. முகம் சிவக்கும். சிவக்கட்டும், விலை சொல்லிப் பழகணும்ல!