கடைப் பேர் ஒட்டுன ஃபிலிமுக்கு அப்பன் யாரு?

காரைக்குடிப் பக்கம் பெரிய வீடுகள்ல டிரங்குப் பெட்டியத் திறந்தா, 80கள், 90கள்ல எடுத்த கல்யாண நெகட்டிவ் கட்டுக்கட்டா இருக்கும். இப்ப அதை ஸ்கேன் பண்ற காலம். பண்ணினா கழுத்துருவோட தங்கம் பச்சையடிக்குது, கண்டாங்கியோட அரக்கு பழுப்பாயிடுது. பழசாகி மங்குறது ஒரு காரணம். ஆனா ஒவ்வொரு கம்பெனி நெகட்டிவோட ஆரஞ்சுச் சாயமும் ஒவ்வொரு மாதிரி. எந்தக் கம்பெனின்னு தெரியாம திருத்துறது குருட்டாம்போக்குதான்.

டப்பாவுல பேர் இருக்கேம்பாங்க. இருக்கும்... வித்தவன் பேரு!

கலர் ஃபிலிம் பூசுறது லேசுப்பட்ட வேலை இல்லீங்க. கும்மிருட்டுல பல அடுக்கு பூசணும். (கருப்பு வெள்ளைக்கே 1960-ல ஊட்டியில ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ்னு அரசாங்கமே கம்பெனி தொடங்கி, பிரான்ஸ்ல இருந்து தொழில்நுட்பம் வாங்க வேண்டியிருந்துச்சு.) கோடாக், ஃபியூஜி, கொனிக்கா, அக்ஃபா, இத்தாலியோட ஃபெரானியான்னு கொஞ்சப் பேர்தான் பூசுனாங்க. மத்த முக்கால்வாசிப் பேர் ஜம்போ ரோல் வாங்கி, நறுக்கி, டப்பாவுல போட்டவங்க.

நறுக்குறவன் உற்பத்தியாளரா? இந்தியா சினி ஏஜென்சீஸ் வழக்குல சென்னை உயர் நீதிமன்றம் இல்லேன்னுச்சு. 2008-ல உச்ச நீதிமன்றம், ஜம்போ ரோலை சின்னச் சின்னதா வெட்டுறதும் உற்பத்திதான்னு சொல்லிடுச்சு. வருமான வரிச் சலுகைக்கு அது சரி. ஆனா தோசை மாவு அரைச்சவரை விட்டுட்டு பாக்கெட் போட்டவர் பேரை மட்டும் சொன்னா, புளிச்சதுக்கு யாரைக் கேக்குறது?

"படம் நல்லா வந்தாப் போதாதா?"ன்னு ஒரு கோஷ்டி கிளம்பும். போதாது. இங்கிலாந்துல பவுண்ட்லாண்ட் கடை ஒரு பவுண்டுக்கு வித்த அக்ஃபாபோட்டோ விஸ்டா பிளஸ் 200-ஐப் பாருங்க. அக்ஃபாபோட்டோ 2005-லயே திவால். பேரு மட்டும் மிச்சம், உள்ள இருந்தது ஃபியூஜி. அதுலயாச்சும் நஷ்டம் ஒண்ணுமில்ல.

இன்னிக்கு நிலைமை மோசம். கோடாக் சினிமா ஃபிலிமை வெட்டி, சுத்தி, புதுப் பேர்ல விக்கிறாங்க. அந்த சினிமா நெகட்டிவோட முதுகுல 2025 வாக்குல வரைக்கும் கரிப் பூச்சு இருந்துச்சு. சிலர் அதை எடுத்துட்டு வித்தாங்க, சிலர் அப்படியே வித்தாங்க. அந்தப் பழைய ரோலை விவரம் தெரியாம சாதாரண லேப்ல குடுத்தா, கரி கரைஞ்சு மெஷின்ல இருக்கிற கெமிக்கல் பூரா பாழ், பின்னாடி வர்றவன் கல்யாணமும் சேர்த்து. பூசுனது யாரு, கரி இருக்கா இல்லையான்னு டப்பாவுல ரெண்டு வரி அச்சடிக்க என்ன செலவாகும்?

பழைய நெகட்டிவ் வெச்சிருக்கிறவங்களுக்கு ஒரு வழி இருக்கு. 1983-ல கோடாக் கொண்டுவந்த டிஎக்ஸ் குறியீடு, ஓட்டைகளுக்கு வெளியே விளிம்புல கோடு கோடா விழுந்திருக்கும். கடை தன் பேரை மாத்தும், பெரும்பாலும் இந்தக் கோட்டை மாத்தாது. அதுல வர்ற எண்ணை வெச்சு ஃபிலிம் எதுன்னு பல சமயம் பிடிச்சிடலாம். ஸ்கேன் பண்றவர்கிட்ட விளிம்பையும் சேர்த்து எடுக்கச் சொல்லுங்க.