பொம்மைப் படமும் எங்க கட்டுத்தரையும்

"ஏனுங்க, நாப்பது வயசு தாண்டியாச்சு, இன்னும் பொம்மைப் படமுங்களா?"

தங்கமணி வாரத்துக்கு ரெண்டு தடவையாவது கேக்கற கேள்வி இது. அனிமேங்கறது வேற, சின்னப் புள்ளைங்க கார்ட்டூன் வேறன்னு நானும் விளக்கிப் பாத்தாச்சு. "ரெண்டும் வரையறதுதானுங்களே?"ன்னு ஒரே போடு. அதுக்கு மேல நான் என்னத்தைப் பேச :-)

அவங்ககிட்ட சொல்ல முடியாததை உங்ககிட்ட சொல்றேன். கொஞ்சம் பொறுமையாப் படிங்க மக்களே.

எங்க வயசுக்காரங்களுக்கு இந்தக் கிறுக்கு தூர்தர்ஷன்லயே பிடிச்சிருச்சு. 1993ல ஞாயித்துக்கிழமையானா 'ஜங்கிள் புக்' வருமே, மோக்லி, பகீரான்னு... அது ஜப்பான் சரக்கு. நிப்பான் அனிமேஷன் 1989ல எடுத்த தொடர், மொத்தம் 52 பகுதி. குல்சார் எழுதின அந்த இந்திப் பாட்டை ஒரு வார்த்தை அர்த்தம் தெரியாம எங்க தெருப் பசங்க அத்தனை பேரும் பாடித் திரிஞ்சோம். அது ஜப்பான்ல செஞ்சதுன்னு எனக்குத் தெரியவே இருபது வருசம் ஆச்சு. இப்ப நிலைமையே வேற. 2025 செப்டம்பர்ல 'டீமன் ஸ்லேயர்: இன்ஃபினிட்டி காசில்' தமிழ்லயே பேசிக்கிட்டு தியேட்டருக்கு வந்துச்சு. காலேஜ் பசங்க விசிலடிச்சுப் பாக்கறாங்க. நல்லா இருக்கட்டும்.

ஆனா நான் சொல்ல வந்தது வாளும் இல்லாத, சண்டையும் இல்லாத ஒரு தொடரைப் பத்தி. பேரு 'சில்வர் ஸ்பூன்'. 2013ல ஒரு சீசன், 2014ல ஒரு சீசன், மொத்தமே 22 பகுதிதான். (கதையைச் சொல்லப் போறேன். பாக்காதவங்க பாத்துட்டு வந்தும் படிக்கலாம், நான் இங்கதான் இருப்பேன்.)

ஹச்சிகென்னு ஒரு பையன். சப்போரோ நகரத்துல படிச்சவன். மார்க்கு, ரேங்க்னு அப்பா கொடுத்த நெருக்கடி தாங்காம, வீட்டை விட்டுத் தள்ளி இருந்தாப் போதும்னு ஹொக்கைடோவுல ஒரு விவசாயப் பள்ளிக்கூட ஹாஸ்டல்ல வந்து சேர்றான். மத்த பசங்கெல்லாம் பண்ணை வெச்சிருக்கற வீட்டுப் புள்ளைங்க. இவனுக்கு முட்டை கோழிக்கு எந்தப் பக்கமா வருதுங்கறதே புதுசு. அதைப் பாத்துட்டு சோத்துல முட்டை ஊத்திச் சாப்பிட மாட்டேங்கறான். அப்புறம் ஒரு வாய் தின்னு பாத்துட்டு கேட்டுக் கேட்டு வாங்கித் திங்கறான் :-)

அங்க ஒரு பன்னிக்குட்டி. ஈத்துலயே நோஞ்சான். இவன் அதுமேல பாசம் வெச்சு பேரு வைக்கப் போறான். "கறிக்குப் போறதுக்குப் பேரு வெக்காதே"ன்னு தடுக்கறாங்க. கடைசில 'புட்டாடொன்'னு வைக்கறாங்க. பன்னிக்கறி போட்ட சோத்துக் கிண்ணத்துக்கு ஜப்பான்ல அதான் பேரு. அதாவது பேர்லயே முடிவும் இருக்கு. கடைசில அவன் பண்ணைல வேலை செஞ்சு சம்பாதிச்ச காசைக் கொடுத்து அதோட கறியை அவனே வாங்கறான். தப்பிக்க விடலை, அழுது ஊரைத் திருத்தலை. வாங்கி, பக்குவம் பண்ணி, எல்லாருக்கும் கொடுத்து, தானும் திங்கறான்.

இதை எழுதினவங்க ஹிரோமு அரகாவா. 'ஃபுல்மெட்டல் ஆல்கெமிஸ்ட்' எழுதினாங்களே, அவங்களேதான். ஹொக்கைடோவுல மாட்டுப் பண்ணைக் குடும்பத்துல பொறந்து, விவசாயப் பள்ளிக்கூடத்துல படிச்சு, ஏழு வருசம் பண்ணையிலயே வேலை செஞ்சுட்டு அப்புறம் டோக்கியோவுக்குப் போனவங்க. தன்னைப் படம் போடறப்பக் கூட கண்ணாடி போட்ட ஒரு மாடாத்தான் போடுவாங்க. சாணி வாசம் தெரிஞ்ச ஆளு எழுதினதுன்னு முதல் பகுதியிலயே தெரிஞ்சிரும்.

இதை நான் பாத்தது 2020 ஊரடங்குல. கோயமுத்தூர் வேலையை லேப்டாப்போட தூக்கிட்டு பொள்ளாச்சி தோட்டத்து வீட்டுக்கு வந்திருந்தேன். ராத்திரி திண்ணைல உக்காந்து ஓட்டுவேன். ஒரு நாள் அப்பா பின்னாடி வந்து நின்னாரு. ஜப்பான் பாஷையும் தெரியாது, கீழ ஓடற இங்கிலீஷும் படிக்க மாட்டாரு. திரையில மாடு மட்டும் தெரியுது.

"எச்.எஃப். மாடாட்ட இருக்குது. மடியைப் பாரு, நல்லாத்தான் வரைஞ்சிருக்கறான்."

அதுலருந்து தெனமும் வந்து உக்காந்தாரு. பகுதிக்கு பத்து கேள்வி. அங்க தீவனம் என்ன, ஒரு ஆளு எத்தனை மாடு பாப்பான், பால் ஊத்தினா காசு எப்பக் கொடுப்பாங்க. ஹச்சிகென் பண்ணைல குழாயை மாட்ட மறந்து கறந்த பாலெல்லாம் தரையில ஓடற எடத்துல, "அட போச்சாது..."ன்னு தலையில கை வெச்சுட்டாரு. படத்துல மாட்டுக்காரர் அந்தப் பையனுக்குச் சம்பளத்தைக் கொடுத்ததும், "பெரிய மனுசன்"ன்னாரு.

ரெண்டாவது சீசன்ல கொமாபான்னு ஒரு பையன். நல்லா பந்து வீசுவான். தேசியப் போட்டிக்குப் போயி, பேஸ்பால்ல சம்பாதிச்சு வீட்டுப் பண்ணையைத் தூக்கி நிறுத்தணும்னு கனவு. போட்டியில தோத்துடறாங்க. பண்ணை கடன்ல மூழ்கிருச்சு. அவன் படிப்பை விட்டுட்டு வேலைக்குப் போறான். மாடுகளை லாரியில ஏத்திட்டுப் போறாங்க. வில்லன்னு ஒருத்தனும் கிடையாது. ஜாமீன் கையெழுத்துப் போட்ட பக்கத்துப் பண்ணைக்காரருக்கும் சேத்து அடி.

அந்தப் பகுதி முடிஞ்சப்போ அப்பா ஒண்ணும் சொல்லலை. எந்திரிச்சு கட்டுத்தரைப் பக்கம் போனாரு. அங்க மாடு இல்லாம எட்டு வருசம் ஆச்சு.

2012ல விக்கச் சொன்னது நான்தான். மூணு மாடு. புண்ணாக்கு விலை, தவிட்டு விலை, கறக்க ஆள் இல்லை, அப்பாவுக்கு முட்டி வலி. கோயமுத்தூர்ல உக்காந்துட்டு கணக்குப் போட்டு போன்ல சொன்னேன். கணக்குல தப்பே இல்லை, இன்னைக்குப் போட்டாலும் அதே விடைதான் வரும். செவ்வாக்கிழமைச் சந்தைக்கு அவரே ஓட்டிட்டுப் போனாரு. நான் வரலை, ஆபீஸ்ல மீட்டிங். துண்டுக்குள்ள விரலைப் புடிச்சு விலை பேசி முடிச்சுட்டு, சாயங்காலம் போன் பண்ணி தொகையை மட்டும் சொன்னாரு. நானும் "சரிங்ப்பா"ன்னு வெச்சுட்டேன். அதுக்கப்புறம் அதைப் பத்தி நாங்க பேசினதே இல்லை.

அன்னைக்கு ராத்திரி, எட்டு வருசம் கழிச்சு, கட்டுத்தரையில போயி கேட்டேன். "அன்னைக்கு சங்கடமா இருந்துதுங்களாப்பா?"

"செவலைதான் திரும்பித் திரும்பிப் பாத்துச்சு. மத்தது ரெண்டும் லாரியில ஏறிக்குச்சு." கொஞ்ச நேரம் கழிச்சு, "இதுக்குத்தான் சாமி மாட்டுக்குப் பேரு வெக்காதேன்னு உன்னைச் சின்ன வயசுல வைவேன்."

எங்க வீட்ல மாட்டை விக்கறப்போ கயித்தைக் கொடுக்கற பழக்கம் இல்லை. மூணு கயிறும் பரண்ல சுருட்டி வெச்சிருந்தாரு. எனக்கு அன்னைக்குத்தான் தெரியும்.

இப்ப என் கருத்துக்கு வர்றேன். எங்க ஊரு சினிமாக்காரங்களுக்குத் தாய்வீடு. 'தேவர் மகன்' அரண்மனை இங்கதான், 'எஜமான்' இங்கதான். தென்னந்தோப்பு, வாய்க்கா, மாட்டு வண்டின்னு எங்க ஊரை நூத்துக்கணக்கான படத்துல பாத்தாச்சு. அதுல எத்தனை படத்துல தீவனக் கணக்கு வந்திருக்கு? நம்ம படத்துல விவசாயி ஒண்ணு சாமி, இல்லாட்டி தூக்குல தொங்கற பாவப்பட்ட ஜீவன். நடுவுல, காலைல நாலரைக்கு எந்திரிச்சு மடி கழுவற மனுசனைக் காணோம். 'மேற்குத் தொடர்ச்சி மலை'யும் 'கடைசி விவசாயி'யும் இருக்குன்னு சொல்வீங்க. ஒத்துக்கறேன், ரெண்டும் தங்கம். ஆனா விரல் விட்டு எண்ணிட முடியுதே, அதான் என் வருத்தம்.

'சில்வர் ஸ்பூன்' விவசாயத்தைக் கும்பிடவும் இல்லை, ஒப்பாரி வைக்கவும் இல்லை. பாசமும் நெசம், கணக்கும் நெசம், ரெண்டும் ஒரே கட்டுத்தரையில இருக்குன்னு பதினஞ்சு வயசுப் பசங்களுக்குச் சொல்லுது. மாட்டை வித்தது தப்புன்னு எனக்கு அது சொல்லலை. வித்த அன்னைக்கு நான் அப்பா பக்கத்துல நின்னிருக்கணும், அது மட்டும்தான் புரிஞ்சுது. இதைச் சொல்ல ஜப்பான்லருந்து ஒரு பொம்மைப் படம் வர வேண்டியிருந்துச்சுங்கறதுதான் எனக்கு வெசனம்.

அதனால ஒரு வேண்டுகோள் மக்களே. உங்க வீட்லயும் ஒரு கட்டுத்தரை காலியாயிருக்கும், இல்லாட்டி ஒரு தறி, ஒரு செக்கு, ஒரு மளிகைக் கடை. அதை வித்த நாளை எழுதுங்க. கணக்கோட எழுதுங்க.

டிஸ்கி: இதை எழுதிட்டு தங்கமணிகிட்ட படிச்சுக் காட்டினேன். முழுசாக் கேட்டுட்டு, "அந்தப் பன்னிக்குட்டிப் படத்தைப் போடுங்க பாக்கலாம்"ன்னாங்க. ரெண்டு பகுதி முடிஞ்சாச்சு. இன்னும் பேரு வைக்கற எடம் வரலை, வந்ததும் என்னை வைவாங்க :-)