எல்லைக் கோட்டைப் பார்த்துச் சிரிப்பது குற்றமா?

இரத்தம் சிந்திய மண்ணில் நின்று சிரிக்கலாமா என்று கேட்பவர்கள் எந்த நாட்டிலும் உண்டு. கேள்வி நியாயமானதே. ஆனால் சிரிப்பவர் யார், சிரிப்புக்கு இலக்கானவர் யார் என்பதை அறியாமல் அதற்கு விடை கூற முடியாது.

பி.பி.சி.யின் வட அயர்லாந்துத் தொலைக்காட்சி 2018ஆம் ஆண்டில் ஒரு நகைச்சுவைத் தொடரை ஆரம்பித்தது. ‘மென் எல்லைக் காவற்படை’ என்று அதன் பெயரைத் தமிழிற் கூறலாம். பிரித்தானியா ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு நீங்கினால் அயர்லாந்துத் தீவைப் பிளந்து செல்லும் எல்லையை யாரேனும் காக்க வேண்டுமல்லவா? அதற்கெனக் கற்பனையில் ஒரு படை அமைக்கப்படுகிறது. நீல் டெலமியர் முதலிய நடிகர்கள் அதன் உத்தியோகத்தர்களாக வருகிறார்கள். மெய்யான விவரணப் படம் போலவே கமரா அவர்களைப் பின்தொடர்கிறது. கண்ணுக்குத் தெரியாத கோட்டை அவர்கள் காக்க வேண்டும். காத்தும், எல்லை ஒன்று இருப்பதாக எவரும் உணராதபடி நடந்துகொள்ள வேண்டும். இதுவே அவர்களது உத்தியோகம்!

இது நடிகர்களின் கற்பனை மட்டுந்தானா? 2017 ஜனவரியில் பிரித்தானியப் பிரதமர், ஒன்றியத்தின் தனிச் சந்தையிலிருந்து நாடு விலகும் என்று அறிவித்தார். அதே ஆண்டு டிசம்பரில் அவருடைய அரசாங்கம், அயர்லாந்தில் வன் எல்லை வராது என்று வாக்குறுதி கொடுத்தது. சந்தை இரண்டாக வேண்டும். நடுவில் வேலி கூடாது! கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை. நகைச்சுவையாளர் செய்ததெல்லாம் இந்தக் கொள்கைக்கு ஒரு சீருடை தைத்து அணிவித்ததே.

மந்திரிமார் கூறியவற்றை நோக்கினால் நடிகர்கள் தோற்றுப் போவார்கள். அயர்லாந்து எல்லையைப் பற்றி 2018 பெப்ரவரியிற் கேட்டபோது, அந்நாள் வெளிநாட்டு மந்திரி பொறிஸ் ஜோன்சன், இலண்டன் நகரத்தின் இரு பகுதிகளுக்கிடையே வாகனக் கட்டணம் அறவிடப்படுவதை உவமை காட்டினார். வட அயர்லாந்துக்கே பொறுப்பான மந்திரி கரன் பிராட்லியோ, அங்கே தேசியவாதிகள் ஐக்கியவாதக் கட்சிகளுக்கு வாக்களிப்பதில்லை என்ற பால பாடத்தைக்கூடப் பதவி ஏற்குமுன் தாம் அறிந்திருக்கவில்லை என்று அதே ஆண்டு செப்டெம்பரிற் கூறினார். இவர்கள் கையிலா ஒரு மக்களின் வயலும் வழியும் ஒப்படைக்கப்பட வேண்டும்?

எல்லை பிறந்த கதை என்ன? 1920ஆம் ஆண்டுச் சட்டம் ஆறு மாவட்டங்களை வெட்டி எடுத்தது. 1921 மே மாதத்தில் அது நடைமுறைக்கு வந்தது. பழைய மாவட்ட எல்லைகளே ஓர் அரசின் எல்லைகளாயின. கமக்காரனின் வீடு ஒருபுறம், காணி மறுபுறம்! பெற்றிகோ என்னும் கிராமம் ஓர் ஆற்றின் இரு கரையிலும் இரு நாடாயிற்று. குளோன்ஸ் ஊரிலிருந்து கவன் ஊருக்குப் போகும் தெரு பத்துக் கிலோமீற்றருக்குள் நான்கு முறை எல்லையைத் தாண்டுகிறது. ஏறக்குறைய 500 கிலோமீற்றர் நீளமான இந்த எல்லையைக் கடக்கும் பாதைகள் இருநூறுக்கு மேல்.

எல்லையைத் திருத்துவதற்கு ஓர் ஆணைக்குழு வந்தது. ஊரூராகச் சென்று சாட்சியம் கேட்டது. மக்கள் நம்பிச் சொன்னார்கள். 1925 நவம்பரில் அதன் முடிவு பத்திரிகை ஒன்றிற் கசிந்தது; டிசம்பரில் மூன்று அரசாங்கங்களும் கூடி, உள்ள கோடே இருக்கட்டும் என்று முடித்துக்கொண்டன. அறிக்கை வெளிவந்தது 1969இல்! சாட்சி சொன்னவர்களிற் பலர் அதற்குள் மண்ணுக்குட் போய்விட்டார்கள். கேட்பது போல் நடித்து ஏமாற்றியவர் யார்? இன்றைய நடிகர்களா, அன்றைய அரசுகளா?

அந்தக் கோட்டின் விலை உயிர். நியூரியின் சுங்க அலுவலகத்தில் 1972 ஓகஸ்டில் வெடித்த குண்டு ஒன்பது பேரைப் பலிகொண்டது. லொறிச் சாரதிகளும் எழுதுவினைஞரும், குண்டைக் கொண்டுவந்தவர்களும் அதில் மாண்டனர். 1988இல் ஓனக்குளோய் சோதனைச் சாவடியைத் தாண்டி விளையாட்டுத் திடலுக்கு நடந்துகொண்டிருந்த 23 வயது இளைஞன் சூட்டுக்கு இரையானான். சுட்ட சிப்பாய் குற்றவாளி என்று தீர்ப்பு வந்தது 2022இல். சோதனைச் சாவடி என்றால் என்னவென்று இந்த ஏட்டின் வாசகர்க்கு நாம் விளக்க வேண்டியதில்லை.

1993இல் சுங்கச் சாவடிகள் மறைந்தன. 1998இல் உடன்படிக்கை வந்தது. அவ்வாண்டு மே மாதத்தில் வடக்கில் நூற்றுக்கு 71 பேரும் தெற்கில் 94 பேரும் அதற்கு ஆதரவாக வாக்களித்தார்கள். காவற்கோபுரங்கள் இறங்கின. வடக்கே கறக்கும் பாலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு தெற்கேயுள்ள ஆலைகளுக்குத் தடையின்றிச் சென்றது. அந்த மக்கள் எல்லையை மறக்கக் கற்றுக்கொண்டார்கள். 2016இல் வட அயர்லாந்தில் நூற்றுக்கு 56 பேர் ஒன்றியத்திலேயே இருக்க விரும்பியும், மறந்த எல்லை மீண்டும் அவர்கள் வாசலுக்கு வந்தது.

ஆகவே சிரிப்பு இறந்தவரை நோக்கியதன்று. கோடு கீறியவரையும், மீண்டும் கீற வந்தவரையும் நோக்கியது. சிரித்தவர்களும் அந்தக் கோட்டோடு வாழ்கின்றவர்களே. துப்பாக்கி நின்ற இடத்தில் இன்று கேலி நிற்கிறது என்றால் அது சமாதானத்தின் வெற்றி. கேலியை அடக்க முயல்பவர் அந்த வெற்றியையே அடக்குகிறார்.

ஒன்றை மறைத்தல் நேர்மையாகாது. தரையில் வரவிருந்த எல்லையைக் கடலுக்கு நகர்த்தினார்கள். 2021 ஜனவரி முதல் பிரித்தானியாவிலிருந்து வட அயர்லாந்துக்குச் செல்லும் பண்டங்கள் சோதனைக்கு உள்ளாயின. “எங்களைக் கேட்டீர்களா?” என்று ஐக்கியவாதிகள் சினந்தனர்; 2022 முதல் 2024 வரை மாகாண அரசாங்கம் முடங்கிக் கிடந்தது. அவர்கள் குறையும் குறையே. ஒருவர் தலையிலிருந்து இறக்கிய சுமையை அயலவர் தலையில் ஏற்றுவது தீர்வாகுமா?

நகைச்சுவை சட்டத்தை மாற்றாது. சுங்கத் தீர்வையைக் குறைக்காது. ஆயினும் அறிக்கைகளும் மாநாடுகளும் மூடி வைத்ததை அது திறந்து காட்டியது. கோடு கீற வருகின்ற மந்திரி முதலில் வரம்பில் இறங்கி நடக்கட்டும். அந்தக் காணியை உழுபவனைக் கேட்கட்டும். கேளாமற் கீறினால், சீருடை அணிந்த கோமாளிகளைத் தேடி எவரும் தொலைக்காட்சிக்குப் போக வேண்டியிராது. மந்திரி சபையிலேயே காணலாம்!