நீச்சல் குளத்துக்கும் ஸ்டெபிலைசர் உண்டு... அது ஏறிப்போனால் என்ன செய்வது?

மே மாத லீவுக்குப் பிள்ளைகள் எல்லோரும் ஈ.சி.ஆரில் இருக்கும் பெரியப்பா வீட்டில் கூடுவது எங்கள் குடும்ப வழக்கம். காரணம், வீட்டின் பின்பக்கம் இருக்கும் சின்ன நீச்சல் குளம். போன வருடம் நாங்கள் போய் இறங்கியபோது தண்ணீர் பாசிப் பச்சையில் இருந்தது.

"வாரம் தவறாம குளோரின் மாத்திரை போட்டுக்கிட்டுதான்ப்பா இருக்கேன். இன்னும் ரெண்டு சேர்த்துப் போட்டா சரியாயிடும்" என்றார் பெரியப்பா. அங்கேதான் தப்பு.

மாத்திரைக்குள் இருக்கும் இன்னொன்று

ஸ்டெபிலைசர் என்றதும் ஃப்ரிட்ஜுக்கு வைக்கும் பெட்டிதான் ஞாபகம் வரும். குளத்து ஸ்டெபிலைசர் வேறு. அதன் பெயர் சயனூரிக் ஆசிட். வெயிலில் குளோரின் சீக்கிரம் அழிந்துவிடாமல் அது பிடித்து வைத்துக்கொள்கிறது. 30 முதல் 50 பி.பி.எம் வரை இருந்தால் நல்லது. அதற்கு மேல் ஏற ஏற, குளோரினைக் கிருமியின் பக்கமே விடாது. 100-ஐத் தாண்டக் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

நாம் வாங்கும் பெரும்பாலான மாத்திரைகள் ட்ரைகுளோர். அதிலிருந்து 10 பி.பி.எம் குளோரின் கிடைத்தால், கூடவே 6 பி.பி.எம் ஸ்டெபிலைசரும் தண்ணீரில் சேரும். குளோரின் செலவாகிவிடும். ஸ்டெபிலைசர் ஆவியாகாது, ஃபில்டரிலும் நிற்காது. இப்படியே சேர்ந்து சேர்ந்து பெரியப்பா வீட்டுக் குளத்தில் 100 காட்டியது. அந்தத் தண்ணீரைப் பிள்ளைகள் குடித்துவிட்டால் வயிற்றுப்போக்கு வரலாம், காதில் போனால் சீழ் பிடிக்கலாம். எனவே யாரும் இறங்கக் கூடாது என்று சொல்லிவிட்டோம்.

எவ்வளவு தண்ணீர் மாற்ற வேண்டும்?

கணக்கு சுலபம். 100-ஐ 50 ஆக்க வேண்டுமானால் பாதித் தண்ணீர். 120-ஐ 40 ஆக்க மூன்றில் இரண்டு பங்கு.

அந்தக் குளம் 6 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், 1.2 மீட்டர் ஆழம். மொத்தம் 21,600 லிட்டர். பாதி என்றால் 10,800 லிட்டர். கோடையில் 12,000 லிட்டர் லாரி ஒன்று! தெருவில் குடத்தோடு நிற்பவர்களைப் பார்த்த பிறகு, ஒரு லிட்டர்கூட வீணாக்க மனம் வரவில்லை. பாசி படர்ந்த தண்ணீரில் குளோரின் இல்லை என்பதை டெஸ்ட் செய்து பார்த்துவிட்டு, தென்னைகளுக்குப் பாய்ச்சினோம்.

இதையெல்லாம் கவனியுங்கள்

* முதலில் இறைத்துவிட்டுப் பிறகு நிரப்புங்கள். ஒரு பக்கம் இறைத்துக்கொண்டே மறுபக்கம் விட்டால், புதுத் தண்ணீரும் சேர்ந்து வெளியே போகும்.

* குளத்தை முழுக்கக் காலி செய்யாதீர்கள். மணல் பூமியில் நிலத்தடி நீர் மேலே இருந்தால், அடியிலிருந்து வரும் அழுத்தம் தரையைத் தூக்கி டைல்ஸை உடைத்துவிடும். ஃபைபர் குளம் என்றால் தொட்டியே மேலே எழும்பிவிடும்.

* தண்ணீர் மட்டம் ஸ்கிம்மருக்குக் கீழே இறங்கும் முன் ஃபில்டர் மோட்டாரை நிறுத்துங்கள். இறைக்கத் தனி மோட்டார் வைத்துக்கொள்ளுங்கள்.

* நிரப்பிய பிறகு ஒரு நாள் ஃபில்டரை ஓடவிட்டு மறுபடி டெஸ்ட் செய்யுங்கள்.

* இனி மாத்திரைக்குப் பதில் லிக்விட் குளோரின் போடுங்கள். அதில் ஸ்டெபிலைசர் இல்லை. மாத்திரையையும் பிளீச்சிங் பவுடரையும் எந்தக் காரணம் கொண்டும் ஒன்றாகக் கலக்காதீர்கள். தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும்.

மறுநாள் டெஸ்டில் 50. சாயங்காலங்களில் லிக்விட் குளோரின் ஊற்றி, மூன்றாம் நாள் அடித்தரை டைல்ஸ் பளிச்சென்று தெரிந்தது. குளோரின் 2 பி.பி.எம்-க்குக் குறையாமல், பி.எச் 7-க்கும் 7.8-க்கும் நடுவில் இருப்பதைப் பார்த்த பிறகே பிள்ளைகளை இறங்கவிட்டோம்.

மிச்ச வேலையை ஐப்பசி மழை பார்த்துக்கொண்டது. பெரிய மழை வருகிறது என்றால் பெரியப்பா முன்கூட்டியே 10 செ.மீ தண்ணீரை இறைத்துவிடுவார், மழை அதை நிரப்பிவிடும். மழைத்தண்ணீரில் ஸ்டெபிலைசர் கிடையாதே! நான்கு முறை செய்ததில் 50 என்பது 35-க்கு வந்துவிட்டது. லாரிக்கு ஒரு பைசா செலவில்லை.

உங்கள் வீட்டுக் குளமும் பச்சை காட்டுகிறதா? அடுத்த மாத்திரையைப் போடும் முன் ஒரு டெஸ்ட் செய்துவிடுங்கள்!