நீதிபதி வீட்டு பென்ஷன் கணக்கு

"நீதிபதின்னா தீர்ப்பைப் பாருங்க, அவர் வீட்டுல யார் இருக்காங்கன்னு நமக்கு எதுக்கு?" மைக்கேல் கிர்பி பற்றிப் பேச்சு வந்தால் இந்தக் கேள்வியும் கூடவே வரும். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் எனக்கு இதில் உடன்பாடு இல்லை.

முதலில் ஆளைப் பற்றி. 1939-ல் சிட்னியில் பிறந்தவர். ஆஸ்திரேலிய சட்டச் சீர்திருத்த ஆணையத்தின் முதல் தலைவர். 1996 முதல் 2009 வரை அந்நாட்டின் உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி (அங்கே அதற்குப் பெயர் ஹைகோர்ட்!). மாறுபட்ட தீர்ப்பு எழுதுவதில் பேர் போனவர். இவருடைய தம்பி டேவிட்டும் நீதிபதியாக இருந்தவர்தான்.

கிர்பி 1969 பிப்ரவரியில் யோஹான் வான் ஃப்ளோட்டனைச் சந்தித்தார். இருவரும் சேர்ந்து வாழத் தொடங்கினார்கள். ஆனால் நியூ சவுத் வேல்ஸில் ஆண்களுக்கு இடையிலான உறவு 1984 வரை கிரிமினல் குற்றம். கிர்பியோ 1983-லேயே ஃபெடரல் கோர்ட் நீதிபதி. பகலில் சட்டத்தின் காவலர், வீட்டுக்குப் போனால் சட்டத்தின் கண்ணில் குற்றவாளி!

1999-ல் ஆஸ்திரேலியாவின் 'ஹூஸ் ஹூ' புத்தகத்தில் யோஹானைத் தன் துணைவர் என்று வெளிப்படையாகப் பதிவு செய்தார். 2002-ல் ஒரு செனட்டர் போலி ஆவணத்தை நம்பி நாடாளுமன்றத்தில் கிர்பி மேல் பழி போட்டார். பிறகு மன்னிப்புக் கேட்டார். கிர்பியும் ஏற்றுக்கொண்டார்.

இனி நம்ம பி.காம். பாடத்துக்கு வருவோம். ஃபெடரல் நீதிபதி ஒருவர் இறந்தால் அவர் பென்ஷனில் 62.5 சதவீதம் மனைவிக்குப் போகும். கிர்பி இறந்திருந்தால் யோஹானுக்கு? பூஜ்யம். ஏறத்தாழ நாற்பது வருஷம் சேர்ந்து வாழ்ந்தவருக்குக் கணக்குப் புத்தகத்தில் ஒரு வரிகூட இல்லை. சட்டம் மாறியது 2008 டிசம்பரில். கிர்பி ஓய்வு பெற்றது 2009 பிப்ரவரியில்.

இதனால்தான் சொல்கிறேன், அவர் வீட்டு விஷயம் வெறும் வீட்டு விஷயம் இல்லை. அதே புத்தகத்தில் மற்ற நீதிபதிகள் மனைவி பெயரைப் போட்டபோது யாரும் "இதெல்லாம் எதுக்கு?" என்று கேட்கவில்லையே! யாருக்குப் பென்ஷன், யாருக்கு இல்லை என்று அரசே வீட்டுக்குள் எட்டிப் பார்த்து முடிவு செய்யும்போது, அந்த வீட்டுக்காரர் மட்டும் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டுமா? அவர் சும்மா இருந்திருந்தால் பதவிக்கு ஒரு குறையும் வந்திருக்காது. நஷ்டம் முழுக்க யோஹானுக்குத்தான்.

2019 பிப்ரவரி 11 அன்று இருவரும் திருமணம் செய்துகொண்டார்கள். சந்தித்து சரியாக ஐம்பது வருஷம் கழித்து!

தீர்ப்பை மட்டும் பார்த்தால் போதும் என்று இன்னும் நினைக்கிறீர்களா? மறுத்துப் பேச ஆள் வந்தால் சந்தோஷம்.