ஒளியைக் கற்போம், முகத்தை மாற்றோம்

கருவி கைக்கு வந்தால் கலையும் வந்துவிடும் என்னும் எண்ணம் இன்று இளைஞரிடையே பரவியுள்ளது. கைப்பேசியில் படம் எடுக்காத நாளே இல்லை. எனினும், ஒளிப்படக் கலையின் முதற்பாடம் கருவி அன்று, ஒளியே என்பதை நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

கண்ணிலிருந்து கதிர் புறப்பட்டுப் பொருளைத் தொடுவதால் காட்சி தோன்றுகிறது எனப் பண்டை அறிஞர் பலர் கருதினர். பொருளிலிருந்து ஒளி கண்ணை வந்தடைவதாலேயே காண்கிறோம் என விளக்கியவர், கி.பி. 965 அளவில் பஸ்ராவில் பிறந்த இப்னுல் ஹைதம். 'கிதாபுல் மனாழிர்' என்னும் அவர்தம் ஒளியியல் நூல் ஏழு பகுதிகள் கொண்டது. இருட்டறை, சிறு துளை, சில விளக்குகள் ஆகிய எளிய பொருள்களைக் கொண்டே அவர் ஒளியை ஆராய்ந்தார்.

அத்தகைய அறை நம் வீட்டிலும் உண்டு. நேர்வெயில் படாத சன்னல் ஒன்றைத் திறந்து, ஏனையவற்றை மூடி, ஒருவரை அதன் அருகே பக்கவாட்டில் அமர்த்துக. ஒரு கன்னம் ஒளி பெறும். மறு கன்னம் நிழலாகும். நிழற்பக்கம் வெள்ளைத் தெர்மோகோல் அட்டையைப் பிடித்தால் நிழல் இளகும். முகத்தைச் சற்றே திருப்பினால் நிழற்கன்னத்தில் முக்கோணமாய் ஒளி விழும்; டச்சு ஓவியர் ரெம்பிராண்ட் (1606–1669) பெயரால் வழங்கும் ஒளியமைப்பு இதுவே. சிறுவிளக்கை 3 அடியிலிருந்து 6 அடிக்கு நகர்த்தினால் ஒளி பாதியாகாது; கால்பங்காகும். இவற்றைக் கற்கப் பெருஞ்செலவு இல்லை. ஸ்டுடியோ சென்று பயில இயலாத மாணவியரும் வீட்டிலேயே பயிலலாம்.

இக்கல்வி எதற்கு? கேமராவின் ஒளியளவி, எக்காட்சியையும் நடுத்தரச் சாம்பல் நிறமாகவே கணிக்க முயல்வது. வெள்ளைத் தொப்பியும் வெள்ளைச் சட்டையும் அணிந்து, வெள்ளைச் சுவர்முன் நிற்பவரின் கருநிற முகம் இதனால் பெரும்பாலும் மேலும் இருண்டுவிடுகிறது. வண்ணப்படங்களைச் சரிபார்க்க கோடக் நிறுவனம் 1950களில் வழங்கிய மாதிரி அட்டைகளில் இருந்ததும் வெள்ளைநிறப் பெண்ணின் முகமே. குறை கருவியினது, பழியோ முகத்தின்மீது.

இதற்கு நாம் கண்ட மாற்று யாது? படத்தை வெளுப்பாக்குதல்! வரன் தேடும் வீட்டாருக்கு அனுப்பும் படத்தில் நிறத்தை மாற்றுவது, எடை குறைத்து விற்பதற்கு ஒப்பாகும். அதனினும் கொடிது, இறைவன் தந்த நிறம் குறையுடையது என்று நம் பெண்மக்களுக்கு அது கற்பிப்பது. கருநிறத்தவரான பிலால் (ரலி) அவர்களின் குரலே முதன்முதலாய்ப் பாங்கொலித்தது என்று பெருமையுடன் உரைக்கும் நாம் இதனைச் செய்யலாமா?

ஒளி கற்றவர்க்கு இப்பொய் தேவையில்லை. சுவரை விடுத்து முகத்தைக் கொண்டே ஒளியளவைக் கணித்து, பரந்த மெல்லொளியைப் பக்கத்திலிருந்து விழச் செய்தால், கருமேனியின் மினுமினுப்பே முகவடிவை எடுத்துக்காட்டும்.

உருவப்படம் குறித்து ஆலிம்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆயினும் கடவுச்சீட்டுக்கும் கல்லூரி விண்ணப்பத்துக்கும் நாம் முகம் காட்டவே செய்கிறோம். காட்டும் முகம் மெய்ம்முகமாக இருத்தல் வேண்டும். நம் கல்லூரிகளின் நுண்கலை மன்றங்கள் இக்கலையை இந்நெறியோடு பயிற்றுவிக்க முன்வருமாக!