கூனும் மூப்பும்

பதுளை, பசறை, லுணுகலை, அப்புத்தளைப் பகுதித் தோட்டங்களிலே, பல்லாண்டுகள் கொழுந்து கொய்து ஓய்ந்த மூதாட்டியரின் வளைந்த முதுகைக் காண்போர், "வயதாயிற்று, கூன் விழுந்துவிட்டது" என்று கூறி அப்பாற் செல்வர். தமிழ் கற்பிப்பவன் என்ற முறையில் இவ்வழக்கை என்னால் ஏற்க இயலவில்லை. மூப்பு ஒரு காரணமாகலாம். ஆனால், பல வேளைகளில் அக்கூன் முள்ளந்தண்டின் என்புகள் நொறுங்கி அமர்ந்ததன் விளைவாகும். விழுந்து முறிந்த கைக்குக் கட்டுப் போடுகிறோம். விழாமலே முறிந்த முதுகையோ முறிவென்றே எண்ணுவதில்லை.

எலும்புப்புரை என்பது இந்நோயின் பெயர். புரை என்பது உட்டுளை, பொருத்தமான பெயரே. என்பு ஒருமுறை கட்டி முடித்த சுவரன்று. உடல் அதனை ஓயாது இடித்துக் கட்டிக்கொண்டே இருக்கிறது. மாதவிலக்கு நின்றபின் பெண்களுக்கு இடிப்பு மிகுந்து, கட்டுதல் பின்தங்குகிறது. இந்நோய்க்குரிய மருந்துகளிற் பெரும்பாலானவை இடிப்பைத் தடுப்பன. புதிய என்பைக் கட்டுவிப்பவை சிலவே. அவற்றுள் ஒன்று டெரிபாரடைட்.

நம் கழுத்திலே, தைரொயிட்டுச் சுரப்பியின் பின்புறம், பருப்பளவான நான்கு சிறு சுரப்பிகள் உள. அவை சுரக்கும் ஓமோன் 84 அமினோ அமிலங்களால் ஆனது. அதன் முதல் 34 மட்டுமே இம்மருந்து. வியப்பு யாதெனில், அவ்வோமோன் இடையறாது மிகுந்து சுரந்தால் என்பை அரிக்கும்; நாளுக்கு ஒருமுறை சிறிதளவு ஊசியாற் செலுத்தினால் என்பை வளர்க்கும். அளவும் காலமும் நோக்கி மருந்தூட்டுதல் நம் பண்டை மருத்துவர்க்கும் புதிதன்று.

முன்னரே முள்ளென்பு முறிந்த 1637 பெண்களிடம் நிகழ்ந்த ஆய்வு 2001இல் வெளியாயிற்று. நாளும் 20 மைக்கிரோகிராம் பெற்றோரிடம் புதிய முள்ளென்பு முறிவுகள் 65 வீதம் குறைந்தன. மறு ஆண்டே அமெரிக்கா இம்மருந்தை ஏற்றது. இது எல்லோர்க்கும் உரியதன்று. கடுமையான நோய்க்கே உரியது. என்பிற் புற்றுநோய் உள்ளோர்க்கும், என்பிற் கதிர்ச்சிகிச்சை பெற்றோர்க்கும் ஆகாது. பெரும்பாலும் இரண்டாண்டுக்குள் நிறுத்தி, வளர்ந்த என்பைக் காக்க வேறொரு மருந்தைத் தொடர வேண்டும்.

"விலையுயர்ந்த மருந்து; குளிரில் வைக்க வேண்டிய மருந்து; லயத்துக் கிழவிக்கு எதற்கு?" என்று வினவும் கற்றோரும் உளர். இவ்வினாவிற்கு நான் உடன்படேன். குழந்தைகளின் தடுப்பு மருந்தைக் குளிர் குன்றாமல் மலையேற்றத் தெரிந்த நாடு இது. லயத்தில் குளிர்பெட்டி இல்லையெனின், தோட்ட மருந்தகத்தில் ஊசிகளை வைத்து, நாள்தோறும் ஆங்கே போடலாம். விலையைப் பற்றி அரசு பேசட்டும். ஆனால், நோயுண்டென அறியப்படாதவருக்கு விலையைப் பற்றிய பேச்சே எழுவதில்லை.

முதலில் வேண்டுவது ஊசியுமன்று, அளவுகோல். உயரம் குறைந்தவரைப் பதுளைப் பெரிய வைத்தியசாலைக்கு அனுப்பி, முதுகைக் கதிர்ப்படம் எடுக்கச் செய்யலாம். பாடசாலையில் ஆண்டுதோறும் பிள்ளைகளின் உயரத்தை அளந்து ஏட்டிற் பதிகிறோம். அப்பிள்ளைகளின் பாட்டிமார் உயரத்தில் எத்தனை அங்குலம் இழந்தனர் என்பதற்கு எந்த ஏடும் இல்லை.